கைநாட்டும் கைபேசியும்

வங்கியில் இருந்த முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை பேரிடம் கைநாட்டு வாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆண் என்றால் இடது பெருவிரல், பெண் என்றால் வலது. ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, சலானில் வைக்கச் சொல்லி, பாஸ்புக்கில் ஒட்டிய படத்தோடு முகத்தையும் பார்த்த பிறகுதான் பணம். கைநாட்டுக்காரர்களுக்குச் செக் புக் கொடுக்க மாட்டோம். ஆள் நேரில் வர வேண்டும், தெரிந்தவர் யாராவது சாட்சி போட வேண்டும். ரேகையை மட்டும் நம்பி வங்கி ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. ரேகை இன்னார் என்று சொல்லும். அவர் சம்மதித்துத்தான் வைத்தாரா என்று சொல்லாது.

இப்போது கைபேசி சாட்சி கேட்பதில்லை. விரல் பட்டால் திறந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன மாதம் என் மனைவியிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நான் தூங்கறப்ப என்ற விரல எடுத்து வெச்சு போனப் பாக்கறாருங்கக்கா." சனிக்கிழமை சம்பளம் வந்த மெசேஜ், சீட்டுப் பணம் கட்டிய மெசேஜ், அம்மா வீட்டுக்கு அனுப்பிய ஐந்நூறு, எல்லாம் வீட்டுக்காரருக்கு விடிவதற்குள் தெரிந்துவிடுகிறது. மறுநாள் சண்டை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள், விரலைப் பிடித்து இழுத்தாலும் எழ மாட்டாள்.

இதைக் கேட்டதும் எனக்கு 2017 நவம்பரில் படித்த செய்திதான் ஞாபகம் வந்தது. தோஹாவிலிருந்து பாலிக்குப் போன கத்தார் ஏர்வேஸ் விமானத்தில், தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை வைத்து ஓர் ஈரானியப் பெண் அவர் போனைத் திறந்தார். உள்ளே இன்னொரு பெண்ணின் விஷயம். ரகளை பெரிதாகி, விமானத்தைச் சென்னையில் இறக்கிக் கணவன், மனைவி, குழந்தை மூவரையும் இறக்கிவிட்டார்கள். அன்று ஊரே சிரித்தது. தப்பு செய்தவர் மாட்டிக்கொண்டார் என்று நானும்தான் சிரித்தேன். ஆனால் விரலுக்குத் தப்பு செய்தவர் யார், பாவப்பட்டவர் யார் என்ற வித்தியாசம் தெரியாதே.

போன் கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. நம் ரேகையைப் படமாக வைப்பதில்லை, கணக்குக் குறிப்பாக மாற்றிப் போனுக்குள்ளேயே தனியாகப் பூட்டி வைக்கிறார்கள். பஸ்ஸில் பின்னால் நிற்பவன் எட்டிப் பார்த்து நம்பரைத் தெரிந்துகொள்ளும் பயமும் இல்லை. காணாமல் போன போனைத் திருடன் திறக்காமல் இருக்க விரல் நல்ல பூட்டுதான். ஆனால் நம் பக்கத்திலேயே படுத்திருப்பவருக்கு அது பூட்டே இல்லை.

நம்பர் தெரிந்துவிட்டால் வேறு நம்பர் போடலாம். விரலை மாற்ற முடியுமா? அதிலும் நாம் போகிற இடமெல்லாம் ரேகையை விட்டுவிட்டு வருகிறோம். 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், நிலப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, அவர்களின் பெயரில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். வீடு, காடு என்று பத்திரம் போட்ட எல்லோருடைய ரேகையும் ரிஜிஸ்டர் ஆபீஸில் இருக்கிறது, என்னுடையதும்தான். சட்டமும் விரலைத் தனியாகத்தான் பார்க்கிறது. 1961-ல் பதினோரு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற வழக்கில், ரேகை கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்றார்கள். மனசில் இருக்கும் நம்பரைச் சொல்ல வைப்பது வேறு விஷயம் என்று இன்றும் வக்கீல்கள் வாதாடுகிறார்கள்.

2025 அக்டோபரிலிருந்து யுபிஐ பணத்துக்கும், விருப்பப்பட்டால் பின் நம்பருக்குப் பதில் விரலோ முகமோ போதும் என்று வழி வந்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் வரை. அவசரத்தில் சௌகரியம்தான். நான் என் போனில் அதை வைத்துக்கொள்ளவில்லை. பணத்துக்கு ஆறு இலக்கம், பூட்டுக்கு வேறு ஆறு இலக்கம். வயசுக்கு ஞாபகம் இருக்குமா என்று பேரன் கேலி செய்கிறான், செய்யட்டும்.

அந்தப் பெண்ணின் போனில் விரலை நீக்கிவிட்டு நம்பர் போட உட்கார்ந்தோம். பிறந்த தேதி, கல்யாண நாள் எதுவும் வேண்டாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளே போட்டாள். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வாய் என்று மனைவி கேட்டாள். "போன் ரிப்பேருங்கறேன்" என்றாள்.

கிளம்பும்போது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். துணியைத் தடவித் தடவி அவள் விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. "ரேசன் கடைல நானா வெச்சா இந்த விரல் எடுக்க மாட்டேங்குதுங்கக்கா. அரிசி வாங்கணும்னா இன்னமும் அவரத்தான் கூட்டிட்டுப் போவோணும்."