ஊரில் இருக்கும் லைசென்ஸ்

நாம் சீமையில் குடியேறிச் சில வருஷங்கள் ஆகின்றன. லண்டனில் மோட்டார் ஓட்டுவதற்கு அந்நாட்டு லைசென்ஸ் நம்மிடம் இருக்கிறது. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டலாம் என்பதெல்லாம், குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரைதான். அப்படியிருக்க, 22-வது வயதில் வாங்கி, 20 வருஷம் பெட்டியில் உறங்கிய இந்திய லைசென்ஸ் காலாவதியானால் என்ன குடி முழுகிவிடும் என்று நண்பர்கள் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வயதான தாய் தந்தையர் இருக்கிறார்களே! நடுநிசியில் தந்தைக்கு நெஞ்சுவலி கண்டால், வாசலில் வண்டி நிற்கும், பிள்ளையும் நிற்பான், ஓட்டும் அதிகாரம் மட்டும் இராது. சீமையிலேயே சர்வதேசப் பெர்மிட் வாங்கி வரலாமே என்பீர்கள். செய்தி கேட்ட பதற்றத்தில் விமானம் ஏறுகிறவனுக்குப் பெர்மிட் நினைவு வருமா?

சட்டம் இவ்விஷயத்தில் அவ்வளவு கடுமையானதல்ல. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதன்படி, காலாவதியாவதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். தவறினால், பின்னும் ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அவகாசம் விண்ணப்பத்துக்குத்தான், ஓட்டுவதற்கல்ல! அதையும் தாண்டினால், மறுபடி வண்டியை ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். ஆக மொத்தம் இரண்டு வருஷம். அதற்குள் ஒரு முறையேனும் ஊருக்கு வராத பிள்ளைக்கு லைசென்ஸைவிடப் பெரிய விஷயங்களும் காலாவதியாகிவிடும்.

வெளிநாட்டில் இருக்கையில் சர்வதேசப் பெர்மிட் முடிந்துபோனால், இந்தியத் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாமென்று 2021 ஜனவரியில் சர்க்கார் அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பெர்மிட் என்பது லைசென்ஸின் நிழல். மரம் சாய்ந்தபின் நிழல் ஏது?

ஆகவே, காலாவதிக்கு நாலு மாதம் முன்பு, ரஜாவில் வந்தபோதே காரியத்தை முடித்தோம். இணையத்தில் விண்ணப்பித்தோம். 40 வயது கடந்தவர்களுக்கு வைத்தியர் சான்றிதழ் வேண்டுமாதலால், ஊர் டாக்டரிடம் போய் நின்றோம். நாம் சிறுவனாயிருந்தபோது ஊசி போட்டவரே இப்போது நம் கண்ணைப் பரிசோதித்தார்.

30-க்கு மேல் 50-க்குள் வயதுள்ளவர்களுக்குப் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருகிறார்கள். புது லைசென்ஸைத் தந்தையிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டு விலாசத்தையும் தேதியையும் படித்தார்.

"இன்னும் பத்து வருஷமா!" என்றார். மனத்துக்குள் எந்தக் கணக்கைப் போட்டாரோ, நாம் கேட்கவில்லை.