நமுத்த பட்சணம்

நமுத்துப்போன முறுக்கை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? நான் வாங்கினேன். 2019-இல், ஜப்பானில், சோஷி என்ற ஊரில்.

டோக்கியோவிலிருந்து கிழக்கே ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். தோனே நதி கடலில் விழுகிற இடம். மீன் பிடிப்பதும் சோயா ஸாஸ் தயாரிப்பதும் அவ்வூரின் பழைய தொழில்கள். அங்கிருந்து தொகாவா என்னும் மீனவர் ஊருக்கு ஒரு தனியார் கம்பெனி மின்சார ரயில் விடுகிறது. 1923-இல் போட்ட பாதை, மொத்தம் 6.4 கிலோமீட்டர். இதற்குள் பத்து ஸ்டேஷன்! நான் ஏறிய வண்டி முதலில் டோக்கியோவில் ஓடி, பிறகு ஷிகோகு தீவில் ஓடி, மூன்றாவதாக இங்கே வாழ்க்கைப்பட்டது. முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே முனகிக்கொண்டே போயிற்று.

கடைசிக்கு முந்தின ஸ்டேஷனான இனுபோவில்தான் நான் சொன்ன பட்சணம் கிடைக்கிறது. 'நுரே செம்பே' என்று பெயர். அரிசி வட்டையைச் சுட்டு, சூடு ஆறுமுன் சோயா ஸாஸில் தோய்த்துவிடுகிறார்கள். மொறுமொறுப்பு போய்விடும். போவதற்காகத்தான் தோய்ப்பது! 1995 முதல் ரயில் கம்பெனியே இதை விற்கிறது.

2006-இல் கம்பெனி திவாலாகும் நிலை. முன்னாள் தலைவர் பணத்தைக் கையாடிவிட்டார். வண்டிகளைப் பழுது பார்க்கக் காசில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ரயிலைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும், தயவுசெய்து எங்கள் செம்பேயை வாங்குங்கள் என்று ஊரறிய எழுதிவிட்டார்கள். தேசம் முழுவதிலிருந்தும் ஆர்டர் குவிந்தது. ரயில் நின்றுபோகவில்லை. 2018-இல் ஒரு சோளக் குச்சிப் பட்சணத்துக்கு 'மஸூயி' என்றே பெயர் சூட்டினார்கள். ருசி மோசம் என்றும் அர்த்தம். நிலைமை மோசம் என்றும் அர்த்தம்.

தொகாவாதான் கடைசி ஸ்டேஷன். பழைய மரக் கட்டடம், மரச் சட்டம் போட்ட டிக்கெட் ஜன்னல், ஒரே ஒரு பிளாட்பாரம். இறங்கியவர்கள் போனபின் நானும் என் பொட்டலமும்தான் மிச்சம். ஒன்றைக் கடித்தேன். பல்லுக்கு வேலையில்லை, உப்பும் லேசான இனிப்புமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. முதல் வாய் ஏமாற்றம். மூன்றாவதில் பொட்டலம் பாதி காலி.

எனக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து இரண்டு வருஷப் பணம் வரவேண்டியிருந்தது. கேட்டு எழுத உட்கார்ந்தால், சுகம் விசாரிப்பேன், மழையைப் பற்றி எழுதுவேன், அவர்கள் வெளியிட்ட வேறு யாருடைய நாவலையோ புகழ்வேன். பணம் என்ற வார்த்தை வருவதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். மானஸ்தன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்கிற தொனியை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

அந்த பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தை மனசுக்குள் மறுபடி எழுதிப் பார்த்தேன். இரண்டே வரி. மூன்றாவது வரியில் மழை வந்தது. அதை அடித்துக்கொண்டிருக்கையில் வண்டி புறப்படும் நேரமாகிவிட்டது.