அடுத்த கட்டில்

தொண்டைமானாற்றிலே செல்வச்சந்நிதி முருகன் கோயிலைச் சூழ்ந்து பல மடங்கள் உள்ளன. திருவிழாக் காலத்தில் அங்கு இரவு தங்க வருவோர் வந்த ஒழுங்கிற் பாயை விரிப்பர். பக்கத்திற் படுத்தவர் யாரென்பதைப் பெரும்பாலும் விடிந்த பின்னரே அறிவர். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த மாணவன் ஒருவனுக்கு இது வியப்புக்குரிய செய்தியாக ஒருபோதும் தோன்றியதில்லை. தன் அருகே உறங்குபவர் யார் என்பது ஏட்டில் எழுதித் தீர்மானிக்கப்படும் காரியமாகவும் இருக்கக்கூடும் என்பதை அவன் முதன்முதலாக அறிந்தது 1981இல், தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதி வாயிலில், அறிவித்தற் பலகையின் முன் நின்றபோதேயாகும்.

பட்டியலில் ஓர் அறை இலக்கத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவனுடையது, மற்றையது தங்காலைப் பகுதியைச் சேர்ந்த சிங்கள இளைஞன் ஒருவனுடையது. இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். இருவருக்குமே அது சரிவர வாராத மொழி. முதற் கிழமை முழுவதும் அவர்கள் பேசிக்கொண்டவை சாளரத்தைத் திறப்பது பற்றியும் விளக்கை அணைப்பது பற்றியுமே. இரண்டாம் கிழமை, மேசைமேல் இருந்த சந்நிதி வேலின் படத்தைச் சுட்டி, அது யாதெனத் தங்காலை இளைஞன் வினவினான். சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்று அழைப்பதுண்டு எனவும், அங்கு பூசை செய்பவர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசை செய்வர் எனவும் இவன் தட்டுத்தடுமாறிக் கூறினான். கதிர்காமத்திலும் கப்புறாளைமார் அவ்வாறே செய்வர் என்று அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தை ஒருவன் புறப்படும் முனையிலும் மற்றவன் முடியும் முனையிலும் சிறுவயதிலேயே கண்டிருந்தான். ‘மச்சான்’ என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருந்தது அவர்களுக்குப் பெரிதும் உதவிற்று.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றி 1952இற் பேராதனையிற் குடிபுகுந்தபோது, அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே கருதினார். கற்றல் விரிவுரை மண்டபத்தோடு முடிவதன்று; உணவு மேசையிலும் அறையிலும் தொடர்வது என்பதே அக்கொள்கையின் உட்கிடை. அங்குள்ள விடுதிகளுக்கு இட்ட பெயர்களிலும் அவ்வெண்ணத்தின் சாயல் உண்டு. அருணாசலம், ஜயதிலக, இராமநாதன் என்ற பெயர்கள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அக்பர்–நெல் விடுதியோ மலாய் இனத்து நீதியரசர் ஒருவரையும் பறங்கியரான மருத்துவர் ஒருவரையும் ஒரே பெயர்ப்பலகையில் அறைத்தோழராக்கியிருக்கின்றது.

ஆயின் 1960களில் நிலை மாறிற்று. இலவசக் கல்வியின் பயனாக மாணவர் தொகை பெருகியது; ஒருவருக்கென அமைத்த அறைகளில் இருவர் இடம்பெற்றனர். கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளானமையால் விரிவுரைகள் இரண்டாகப் பிரிந்தன. தாய்மொழியிற் கற்பது மாணவரின் உரிமை. அதனாற் பலர்க்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது என்பதும் உண்மை. எனினும் ஒரே பாடத்தை ஒரே ஆண்டிற் பயின்ற இருவர் ஒருவரையொருவர் காணாமலே பட்டம் பெறுதல் இயல்வதாயிற்று. அவர்கள் சந்திக்கக்கூடிய இடமாக எஞ்சியவற்றுள் விடுதியறை முதன்மையானது. அந்நிலையில் எந்தக் கட்டிலில் யார் என்ற வினா வெறும் கந்தோர்க் காரியமாக இருக்கவில்லை.

தொண்டைமானாற்று மாணவனின் இரண்டாம் ஆண்டில் விடுதியிற் சில கட்டில்கள் வெறுமையாயின. சிலர் வெளியே அறை எடுத்துக்கொண்டனர். சிலர் வேறு பீடங்களுக்கு இடம் கிடைத்துச் சென்றனர். இருதரப்பாரும் ஒப்பமிட்டால் அறை மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒருநாள் மாலை, யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் படிவத்துடன் வந்தான்.

“மச்சான், என்ரை அறைக்காரன் வெளியிலை போட்டான். கட்டில் சும்மா கிடக்குது. கந்தோர்க்காரர் வேறை ஆரையேன் போட முந்தி நீ வந்திடு.”

வெறுப்பு எதுவும் அவன் உள்ளத்தில் இருக்கவில்லை. தமிழிற் குறிப்புகளைப் பகிர்ந்து படிக்கலாம், இரவிலே களைத்தபின் பிறமொழியிற் சொல் தேட வேண்டியதில்லை, இவையே காரணங்கள். ஒப்பமிட்டான். தங்காலை இளைஞனும் ஒன்றும் பேசாது ஒப்பமிட்டு, தகரப் பெட்டியின் ஒரு பக்கப் பிடியைத் தானே தூக்கிக்கொண்டு புதிய அறைவரை வந்தான். உணவுக்கு எப்போதும்போற் சேர்ந்து போவோம் என்று கூறிச் சென்றான். ஒரு மாதம் போனார்கள். பின்னர் உணவுக்குச் செல்லும் நேரங்கள் வேறாயின.

அத்தவணை முடிவதற்குள் விடுதியின் ஒரு நடைவழி முழுவதும் தமிழர் அறைகளாகவும் ஏனையவை சிங்களவர் அறைகளாகவும் அமைந்துவிட்டன. எவரும் அவ்வாறு கட்டளையிடவில்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் தோமஸ் ஷெலிங் 1971இல் வெளியிட்ட கட்டுரையொன்று இந்நிகழ்ச்சியின் இயல்பைத் தெளிவாக்குகின்றது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இருவகை நாணயங்களைப் பரப்பி, அயலில் ஓரளவு தன் இனத்தவர் இருந்தாற் போதும் என்ற மெல்லிய விருப்பத்தை மட்டும் ஒவ்வொன்றுக்கும் கற்பித்து, அதிருப்தியுற்றவற்றை வெற்றுக் கட்டங்களுக்கு நகர்த்தினால், முடிவில் இருவகையும் பெருமளவு பிரிந்து நிற்கக் காணலாம். பிரிவினையை விரும்புவோர் எவருமின்றியே பிரிவினை தோன்றும். அதற்கு வேண்டியவை சில வெற்றுக் கட்டங்களும் தடையற்ற இடமாற்றமுமே.

1983 ஆடிக் கலவரத்தின்போது அவன் விடுமுறையில் ஊரில் இருந்தான். பின்னர் திரும்பிச் செல்லவில்லை. அவ்வாண்டில் தென்பகுதியிற் பயின்ற தமிழ் மாணவர் பலரைப் போல அவனும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் தேடினான். அவன் இருந்த நடைவழியிற் கட்டில்கள் வரிசையாக வெறுமையாயின.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தங்காலை இளைஞனின் கடிதம் வந்தது. அந்த நடைவழி அறைகளைப் புதிய மாணவருக்குக் கொடுத்துவிட்டார்கள்; பெட்டிகளைக் களஞ்சியத்திற் குவித்திருந்தார்கள்; அவற்றுள் உன் பெட்டியைத் தேடி எடுத்து என் கட்டிலின் கீழே வைத்திருக்கிறேன்; வேலின் படமும் அதனுள் இருக்கிறது என்று எழுதியிருந்தான். இறுதியில் ஒரு செய்தி இருந்தது. நீ என் அறையில் இருந்திருந்தால், இந்தக் கட்டில் என் நண்பனுடையது, அவன் வருவான் என்று நான் சொல்லியிருப்பேன். அந்த அறைகளில் நின்று அவ்வாறு சொல்வதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

அவ்வாறு சொல்லியிருந்தாற் கந்தோர் கேட்டிருக்குமா என்பது ஐயமே. ஒரு கட்டிலைக் காத்தல் ஒரு நாட்டைக் காத்தலாகாது. உளவியலறிஞர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் வெளியான தமது நூலில், வேற்றினத்தவர் கூடிப் பழகுவதாற் காழ்ப்பு குறைவதற்குச் சில நிபந்தனைகளைக் கூறினார். சமமான தகுதி, பொதுவான குறிக்கோள், கூட்டு முயற்சி, அதிகாரத்தின் ஆதரவு என்பன அவை. முதல் மூன்றும் அந்த அறையில் ஓரளவு இருந்தன. நான்காவது அறைக்கு வெளியே இருக்கவேண்டியது, அது இருக்கவில்லை. எனினும், வெளியே இல்லாத ஒன்றைக் காரணம் காட்டி அறைக்குள் இருந்ததையும் தானே கையளித்துவிட்ட உணர்விலிருந்து அவனால் விடுபட இயலவில்லை.

காலம் சென்றது. படித்துப் பட்டம் பெற்று விரிவுரையாளனாகிய அவனிடமே ஒரு காலத்தில் விடுதியொன்றின் பொறுப்பு வந்தது. 2009இற் போர் முடிந்தபின் அவ்விடுதிக்குச் சிங்கள, முஸ்லிம் மாணவரும் வந்தனர். தவணை தொடங்கிய இரண்டாம் நாளே அறைமாற்றப் படிவங்களும் வந்தன. எல்லாவற்றிலும் எழுதப்பட்டிருந்த காரணம் ஏறக்குறைய ஒன்றே. பகிடிவதைக்கோ அச்சத்துக்கோ ஆளானவனின் படிவத்தில் அவர் அன்றே ஒப்பமிட்டார். தனித்துவிடப்பட்ட ஒருவனை ஒற்றுமையின் பெயரால் வருத்துதல் முறையன்று என்பதில் அவருக்கு மயக்கம் இருக்கவில்லை. ஏனையவற்றை மேசை இழுப்பறையில் வைத்து, “ஆறு கிழமை போகட்டும், தம்பி. அதுக்குப் பிறகும் வேணுமெண்டால் வாரும், தாறன்” என்று அனுப்பினார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர் தம் அறைத்தோழரைத் தாமே தெரிந்துகொள்ளும் வழக்கத்தை 2018இல் நிறுத்தியதாகப் பின்னர் பத்திரிகையிற் படித்தபோது, அச்செய்தியை வெட்டி அதே இழுப்பறையில் இட்டார்.

ஆறு கிழமைக்குப் பின்னர் சிலர் வந்தனர். அவர்களுக்குச் சொன்னபடி மாற்றம் கொடுத்தார். சிலர் வரவில்லை. வராதவருள் எத்தனைபேர் நண்பராயினர், எத்தனைபேர் வெறுமனே பழகிப்போயினர் என்பதை அவர் ஆராயவில்லை. வந்தவரிடம் காரணம் மீண்டும் கேட்கவுமில்லை.

ஏன் ஆறு கிழமை என்று உடன் பணியாற்றியவர் ஒருமுறை வினவியபோது, அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். தங்காலையிலிருந்து வந்த அக்கடிதத்துக்கு அவர் விடை எழுதவே இல்லை. முதலில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பின்னர் தபால் ஒழுங்காகச் செல்லவில்லை. அதன்பின் காலம் கடந்துவிட்டதென்ற வெட்கம் வந்தது. தகரப் பெட்டி எங்கே இருக்கிறதோ தெரியாது. ஆண்டுதோறும் கதிர்காம யாத்திரிகர் சந்நிதியிற் கூடும் நாளில், அவர் கோயில் வீதியிற் சென்று நின்று, அவர்கள் நடக்கத் தொடங்கும்வரை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்.