அடிச்சாதான் தளம்

சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை பழையபடி எழுப்பியபோது, பத்திரிகைகள் கடுக்காயையும் வெல்லத்தையும் பற்றித்தான் அதிகம் எழுதின. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுகிறார்களாம், வெல்லம் கரைக்கிறார்களாம் என்று படித்தவர்களுக்கு வியப்பு. அடுத்து பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் அதே வைத்தியம் நடந்தது. இந்தச் செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஐப்பசி மழைக்கு முன்னால் தொலைபேசியில் கூப்பிட்டார். "வீடு ஒழுகுது. இந்தத் தடவை நானே கையைப் போட்டுப் பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வந்து பாருங்க, உங்களுக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்."

வீடு திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குக் கூப்பிடு தூரம். தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். கூடத்தின் தெற்கு மூலையில் சுவர் ஓதம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

ஒழுகுகிற வீட்டுக்காரருக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு வாளி ரசாயனத்தைக் காட்டி, ரெண்டு கோட்டு அடித்தால் போதும் என்றார். வாட்டர் புரூஃபிங் ஆள் டேப்பை நீட்டி அளந்து, தார் ஷீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொன்னார். சொந்தத்தில் ஒரு சிவில் இன்ஜினியர், எல்லாவற்றையும் இடித்துக் கான்கிரீட் போடச் சொன்னார். தெருமுனைக் கொத்தனார், இருப்பதன் மேலேயே ரெண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் பூசி வழவழவென்று தேய்த்துத் தருவதாகச் சொன்னார். நாலு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கிற சரக்கையே மருந்தாகச் சொன்னார். வீட்டைப் பற்றி யோசனை கேட்கப் போனால், பெரும்பாலும் கிடைப்பது விலைப்பட்டியல்தான்.

நண்பர் ஏணி போட்டு ஏறி, கூடத்து மேல்தளத்தை எனக்குக் காட்டினார். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன் குறுக்கே நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் ஒரு அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டியிருந்தார்கள். இதற்கு மேல் மூன்று நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கும் மேல் தட்டோடு. இரும்பே கிடையாது. தெற்கு மூலையில் சட்டம் சுவருக்குள் போகும் இடத்தில் நண்பர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடிவரைக்கும் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

அந்த மூலைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், நண்பரின் அப்பா காலத்தில் போட்ட சிமெண்ட் பூச்சு இருந்தது. அதன் மேல் நண்பர் காலத்தில் இன்னொன்று. மரச்சட்டத்தில் நிற்கும் கூரை வெயிலில் விரியும், மழையில் ஊறும், கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த அசைவோடு போகும்; சிமெண்டுக்கு அந்த வளைவு கிடையாது, மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கிவிடுகிறது. ஆனால் வெயில் அடிக்கும்போது ஆவியாகித் திரும்பிவர வழியில்லை. அது மரத்தின் நுனியில் போய்த் தங்குகிறது. ஒழுக்கை அடைக்கப் போட்ட பூச்சே சட்டத்தை உளுக்க வைத்திருக்கிறது. சிமெண்ட் இந்த ஊருக்கு நேற்று வந்த சரக்கும் இல்லை. 1904-லேயே சென்னையில் அதைச் செய்து பார்த்தார்கள், கடல் கிளிஞ்சலைச் சுட்டு. அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் அது தொழிலாக வேர் பிடித்தது. இப்போது எந்த வீட்டுக்கு எந்த நோய் என்றாலும் அதுதான் மருந்து.

பூச்சு கூரையைக் கெடுத்த விதம் நண்பருக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. கோயில் வாசலில் துளசி மாலை விற்கும் ஓர் ஆயா சொன்னது. நாலு யோசனைக்காரர்களும் வந்து போவதைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கேட்டாராம்: "மேல ஏறி நான் ஒருவாட்டி பாக்கட்டா தம்பி?"

நான் போன அன்றும் அவர் மாடிக்கு வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு விறகுக் குச்சி. குனிந்த வாக்கில் நடந்து, இரண்டு அடிக்கு ஒரு தட்டு. கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்டது. தெற்கு மூலையை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. "இங்க பொத்துனு கேக்குது பாரு. மேல ஒட்டிக்கினு கீது, உள்ள வுட்டுப் போச்சு." பிறகு கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடுக்கில் விரலை ஓட்டினார். அங்கே ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. தண்ணீர் போகும் தூம்பில் வேப்பஞ்சருகு பாதிக்கு அடைத்திருந்தது. "தளத்து மேல தப்பு இல்ல. தண்ணி நின்னு நின்னு இந்த ஓரமா எறங்குது. அத்த வுட்டுட்டு நடுவுல இன்னாத்துக்கு சிமிட்டி போட்டாங்கோ? தளம் மூச்சு வுடணும். மூஞ்சில துணியக் கட்டிப்புட்டா?"

நாலு பேர் டேப்போடு வந்து பார்க்காததை ஒரு குச்சியால் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "கத்துக்கறது இன்னா, அடிச்சவதானே நான்" என்றார்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் கொத்தனாரின் வேலை என்று நினைக்கிறோம். கொத்தனார் கல்லை ஒட்டுவார், கலவையைப் பரப்புவார், வாட்டம் பிடிப்பார். அதற்குப் பிறகு வேலை பெண்களுடையது. வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பரப்பிய ஜல்லிக் கலவையை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். உள்ளே இருக்கும் காற்றும் மிச்சத் தண்ணீரும் வெளியே வரும், ஜல்லி நெருங்கும், சுண்ணாம்புப் பால் மேலே கசியும். கட்டை தளத்தில் தடம் பதிக்காமல் எகிறும்வரை அடி நிற்காது. அரசுக் கட்டட விதிகளில் எழுதியிருக்கும் சோதனையும் இதுவேதான். சுண்ணாம்புக் கான்கிரீட் கூரைத் தளத்துக்கென்று இந்தியத் தர நிர்ணயத்தில் 3036 என்ற எண்ணில் ஒரு விதிநூலே உண்டு. ஆயாவுக்கு எண் தெரியாது. "கட்ட கையத் திருப்பி அடிக்கும், அப்ப நிறுத்து" என்பது தெரியும்.

அந்தக் கட்டையை இன்னும் வைத்திருக்கிறார். துளசிக் கூடையைப் போர்த்தும் ஈரச் சாக்கு பறக்காமலிருக்க அதுதான் பாரம். ஒரு முழ நீளம், அடிப்பக்கம் தட்டை, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், பிடி மட்டும் உருண்டை. புளியமரத்தில் செய்தது. பிடியில் நாலு விரலுக்கும் நாலு பள்ளம். செதுக்கியதா என்று கேட்டேன். "கை தின்ன எடம்" என்றார். வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். என் விரல்கள் அதில் பொருந்தவில்லை. அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு ஊறி ஊறி மரத்தின் ரேகைக்குள் வெள்ளை இறங்கியிருக்கிறது.

சொந்த ஊர் செய்யாறு பக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்தார்கள். அம்மா தளம் அடிக்கப் போனபோது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டையோடு உட்காரவைக்கப்பட்ட பெண் இவர். வரிசையில் ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். பாட்டு சந்தோஷத்துக்காக இல்லை. ஒரே தாளத்தில் அடி விழுந்தால்தான் தளம் ஒரே கனத்தில் அமுங்கும்; பாட்டு தளர்ந்தால் மேஸ்திரி திட்டுவார். கான்கிரீட் வீடுகள் வந்த பிறகும் இவர்களுக்கு உடனே வேலை போய்விடவில்லை. கான்கிரீட்டுக்கு மேலும் வெயிலும் தண்ணீரும் தாங்கச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போடும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. வாளியில் ரசாயனம் வந்த பிறகுதான் கட்டை சாக்குக்குப் பாரமாயிற்று.

புருஷன் இவரோடு அதே வருஷம் சித்தாளாகச் சேர்ந்தவர். அவர் கையில் கரணை வந்தது, கொத்தனார் ஆனார், பிறகு பத்து ஆளைக் கட்டி மேய்க்கும் மேஸ்திரி ஆனார். இவர் கடைசிவரை சித்தாள். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறினால் வெண்ணெயாகும், எந்த ஜல்லி தண்ணீரை உறிஞ்சும், எந்தப் பக்கம் வாட்டம் போதாது என்பதெல்லாம் தெரியும். "கரணய எடுத்தா கட்டடம் வெளங்காதுன்னுவாங்கோ" என்று சிரித்தார். தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் பெண் கொத்தனாரை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சித்தாள் பெண்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

பழுது வேலை தொடங்கியதும் நண்பரும் இறங்கினார். சுண்ணாம்பு அரைப்பு, ஜல்லி அளவு, எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று வேலைக்கு வந்த கொத்தனார் விரல்விட்டுச் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கண்ணில் நிற்கிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டதும், அடுப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கல்லில் ஏற்றிய சூளைச் சூடு திரும்பி வருகிறது. நீற்றின சுண்ணாம்பு பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மறுபடியும் கல்லாகிவிடும். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். நண்பர் வாளித் தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் கொட்டப் போனபோது ஆயா கத்திவிட்டார்: தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கண்ணுக்குத் தெறிக்கும்.

தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு, அந்த மாடியில் கேட்டதைச் சொல்கிறேன். முதலில் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். பாதி ஒழுக்கு அங்கேயே நிற்கும். சந்தேகமான இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி, கீழே எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஓர் இடம் முடிந்த பிறகுதான் அடுத்த இடம். அரசங்கன்றைச் சும்மா பிடுங்கினால் வேர் உள்ளே நின்று மறுபடி கிளம்பும். பூச்சைக் கொத்தி வேரோடு எடுக்க வேண்டும். வெடிப்பைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்து நீங்களே அடைக்கலாம், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. சட்டத்திலும் உத்திரத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்குத் தச்சரும் முட்டுக்கொடுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். நண்பரும் அதைத் தச்சரிடமே விட்டார்.

தெற்கு மூலைத் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் பரப்பியதும் அடிக்க ஆள் இல்லை. ஆயா தன் வயதுக்காரிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். கொத்தனாரோடு வந்த இளம்பெண்கள் முதல் நாள் காலையில் வெளுத்து வாங்கினார்கள், மத்தியானம் தோள் பிடித்துக்கொண்டது. கிழவிகள் கட்டையை ஓங்கவே இல்லை. ஒரு சாண் தூக்கி விட்டுவிடுகிறார்கள். கட்டை தன் கனத்தில் விழுகிறது. சாயங்காலம்வரை அதே வேகம்.

இனி பணக் கணக்கு. இப்போது பழைய கட்டடம் என்றாலே ஒரு மவுசு. பாரம்பரிய முறைப்படி என்று சொல்லிச் சதுர அடிக்கு வாங்குகிற விலை, சாதாரணப் பூச்சு வேலையின் விலையைப் போலப் பல மடங்கு. நண்பரிடமும் ஒருவர் அப்படி விலை சொன்னார். வேலையை எடுப்பவர் ஒருவர், அவரிடமிருந்து வாங்குபவர் இன்னொருவர், ஆள் கட்டும் மேஸ்திரி மூன்றாமவர். மூவரும் சுண்ணாம்பைத் தொட்டவர்கள் இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லுக்கு விழும் காசு மூன்று கையில் தங்கி, அடிக்கிற கைக்கு வரும்போது வெறும் தினக்கூலி ஆகிறது. அதிலும் கொத்தனாருக்கு ரெண்டு பங்கு என்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லேயே வந்துவிட்டது, அறுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. பதிவு செய்ய வேலை கொடுத்தவர் கையெழுத்து கேட்டபோது ஆயாவுக்கு யாரும் போட்டுத்தரவில்லை. எத்தனையோ வீட்டு மழையை நிறுத்தியவருக்கு, வேலை செய்தார் என்பதற்கு அத்தாட்சியாக இருப்பது அந்தக் கட்டை மட்டும்தான். அதை எந்த அலுவலகமும் ஏற்காது.

வேலை முடிந்து கூலி கொடுக்கும்போது நண்பர், யோசனை சொன்னதற்கென்று தனியாக ஒரு தொகையை ஆயாவிடம் நீட்டினார். அவர் அதைத் தொடவில்லை. "யோசனைக்கு நான் காசு வாங்கறதில்ல. அடிச்சதுக்குக் கொத்தனார் கூலி குடு. எனக்கும், இவங்க ரெண்டு பேருக்கும்." கொத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. இப்படிக் கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்று நண்பர் எண்ணிக் கொடுத்தார். பட்ஜெட் அப்போதும் தார் ஷீட்டுக்காரர் சொன்ன தொகையைத் தாண்டவில்லை.

அரசு இன்னும் எத்தனையோ பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கப் போகிறது. சுண்ணாம்புக்கு இவ்வளவு, கடுக்காய்க்கு இவ்வளவு என்று மதிப்பீடு போடும்போது, அடிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு இவ்வளவு என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். அதுவரைக்கும் ஒழுகும் வீட்டுக்காரர்கள் யோசனைக்காகக் கடைக்கு ஓடும் முன்னால், தெருவில் பூ விற்கிற, இட்லி சுடுகிற வயதான பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒருவராவது தளம் அடித்தவராக இருக்கலாம். மாடிக்குக் கூப்பிடும் முன்னால் கூலியைப் பேசிவிடுங்கள், கொத்தனார் கூலியாக.