டாரட் சீட்டும் அதிமதுரமும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் முழுதும் படியுங்கள்.

பாரிஸிலிருந்து உப்பளத்துக்கு லீவில் வந்த அண்ணன் பேத்தி ஒரு சீட்டுக்கட்டு கொண்டு வந்தாள். பெயர் ‘ஹெர்பல் டாரட்’. மைக்கேல் டியெரா என்ற அமெரிக்க மூலிகை வைத்தியரும் கேண்டிஸ் கான்டின் என்பவரும் சேர்ந்து 1988-ல் கொண்டு வந்தது. மொத்தம் 78 சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மூலிகை. இடிந்து விழும் கோபுரத்துக்குப் பூண்டாம்! படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. டாரட் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகப் பிறந்தது. பிரான்சில் இன்றும் ஆட்டமாக ஆடுகிறார்கள். குறி சொல்வதெல்லாம் பின்னால் வந்தது. நம்மூர் கிளி ஜோசியத்திலும் சீட்டு உண்டு. ஆனால் கிளி கஷாயம் குடிக்கச் சொல்வதில்லை.

அண்ணி விளையாட்டாக ஒரு சீட்டை எடுத்தார். கையில் விளக்கோடு ஒரு துறவி. அவருக்குரிய மூலிகை அதிமதுரம். “எனக்குன்னே வந்திருக்கு பாரு” என்று மறுநாளே நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, காலையும் மாலையும் கஷாயம். மூன்று வாரம் ஓடியது. கால் வீங்கியது. பி.பி. பார்த்தால் 180! பதினைந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “புதிதாக என்னம்மா குடிக்கிறீர்கள்?” அதிமதுரத்துக்கு இனிப்பைக் கொடுக்கும் கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் மேலும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சித்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. நல்ல வைத்தியர் நாடி பார்ப்பார், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பார், அளவும் நாளும் சொல்லிக் கொடுப்பார். சீட்டு எதைக் கேட்கும்? நம்மூர் ஆசிரமத்து அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்குப் பொருள் சொன்னார், துளசிக்குப் பக்தி என்று. அது மனசுக்கு.

கஷாயத்தை நிறுத்திப் பத்து நாளில் வீக்கம் வடிந்தது. பேத்திதான் அழுது தீர்த்துவிட்டாள், பாவம். இப்போது அந்தச் சீட்டுகளை வைத்து மூலிகைகளின் தமிழ்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். சிலவற்றுக்குப் பெயர் கிடைக்கவில்லை. தாவரவியல் படித்த என் மாணவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், படங்களை கமெண்டில் போடுகிறேன்.