புதுசைப் பழசாக்குவது எப்படி?

"குத்துவிளக்கைப் புளி போட்டு தேய்ச்சு புதுசாக்கித்தான் எனக்குத் தெரியும். காசு குடுத்து வாங்குன புதுசை அழுக்காக்குறவனை இப்பதான்டா பாக்கறேன்!"

வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் நான் பண்ணிக்கிட்டிருந்த வேலையைப் பார்த்து அம்மா அடிச்ச கமெண்ட் இது.

விஷயம் இதுதான். சித்தப்பா லைட் மியூசிக் கச்சேரியில வாசிச்ச கிடார் என்கிட்ட இருக்கு. பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்காக விற்கலாம்னு முடிவு. ஆறு ட்யூனிங் கீயில ரெண்டு உடைஞ்சு போச்சு. புதுசு ரெண்டு மாட்டினேன். மங்கிப்போன நாலுக்கு நடுவுல அது ரெண்டும் கட்டின பல்லு மாதிரி பளிச்சுன்னு சிரிக்குது!

இதுக்கெல்லாம் வெளிநாட்டுல தனி மவுசு. ஃபெண்டர் கம்பெனி 1995-ல் இருந்தே புது கிடாரை வேணும்னே தேய்ச்சு, கீறி, துருவேத்தி 'ரெலிக்'னு விற்குது. விலையும் எக்கச்சக்கம்!

நம்ம செய்முறை சிம்பிள். முதல்ல நைஸ் உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு பளபளப்பை உடைக்கணும். மூடி போட்ட டப்பாவில ஒரு கிண்ணம் வினிகர், கொஞ்சம் உப்பு. கீயை வினிகர்ல முக்கக்கூடாது, ஆவி மட்டும் படுற மாதிரி மேல தொங்கவிடணும். ராத்திரி பூரா வெச்சா நிக்கல் பூச்சு மங்கிடும். (குரோம் பூச்சு அவ்வளவு சுலபத்துல மசியாது.) அப்புறம் சமையல் சோடாத் தண்ணியில கழுவி, துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வினிகர் பக்கத்துல பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், விஷவாயு வரும்.

காலையில பார்த்தா ஆறும் அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு. எனக்கே எது புதுசுன்னு தெரியலை.

வினையே அங்கதான். கலெக்டர் ஆபீசுக்கு வேலையா வந்த வேலூர் பையன் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கேட்டான், "அண்ணே, எல்லாமே ஒரிஜினல் தானே?"

'ஆமா'ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஏனோ சிவபுரம் நடராஜர் ஞாபகம் வந்தார். கும்பகோணம் பக்கத்துல இருக்கற ஊர். 1950-களில் பழுது பார்க்கப் போன சோழர் காலச் சிலைக்குப் பதிலா நகல் திரும்பி வந்துச்சு. அது போலின்னு 1965-ல் டக்ளஸ் பாரெட்ங்கற ஆங்கிலேய அறிஞர் எழுதினார். அமெரிக்கா வரைக்கும் போன அசல், இந்தியாவுக்குத் திரும்பினது 1986-ல்தான். நகல் செய்யறது தப்பில்லை. அதை அசல்னு நீட்டினதுதான் தப்பு.

"ரெண்டு கீ புதுசு தம்பி. நான்தான் பழசாக்கினேன்"னு சொல்லிட்டேன். ஆயிரத்து ஐநூறு குறைச்சான். உடைஞ்ச பழைய கீ ரெண்டையும் ஒரு பொட்டலமா கட்டி கிடார் பைக்குள்ளயே போட்டுக் குடுத்தேன்.

குறைஞ்ச காசுக்கு இன்னும் அலையறேன். ஆனா மத்த நாலு கீயும் மங்கினது சித்தப்பா விரல் பட்டு. அதுக்குப் பக்கத்துல என் வினிகரை வெச்சு ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மனசு வரலை.

பி.கு: அம்மாவோட ஊறுகாய் வினிகர் பாட்டில் காலி. அந்த உண்மையை இன்னும் சொல்லலை :)