நீரை அளப்பவர்

குழாயில் நீர் வந்தால் நாம் குடத்தைத் தேடுகிறோம். வராவிட்டால் நீரேற்று நிலையத்தாரைத் தேடுகிறோம். எவ்வளவு நீர் வந்தது என்று சொல்லும் கருவியொன்று மண்ணுக்கடியில் இருப்பதையும், அதனைப் பேணுவதற்காக ஊர் ஊராகச் செல்வோர் இருப்பதையும் எண்ணுவோர் சிலரே. மேல்நிலை வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்க் கருவியியலில் பட்டயம் பெற்ற மாணவர் ஒருவர் அத்தொழிலில் இருக்கிறார். கோடை விடுமுறையில் சில நாள்கள் அவருடன் பயணம் செய்தேன்.

அவருடைய வண்டியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று குடிநீர் நிலையங்களுக்கு. மற்றொன்று கழிவுநீர் நிலையங்களுக்கு. ஸ்பேனர், தூரிகை, கையுறை என எல்லாமே இரண்டிரண்டு. ஒரு பையின் பொருள் மறுபைக்குச் செல்வதே இல்லை. காலையில் ஓர் ஊரின் குடிநீரையும் மாலையில் வேறோர் ஊரின் கழிவுநீரையும் தொட நேர்வதால் அவர் தமக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு அது.

துறையினர் ஃப்ளோ மீட்டர் என வழங்குவதை ஓட்டமானி எனலாம். பெரிய குடிநீர்க் குழாய்களில் மிகுதியாகப் பொருத்தப்படுவது மின்காந்த ஓட்டமானி. காந்தப்புலத்தின் ஊடே நீர் பாயும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. நீரின் வேகம் கூடினால் அதுவும் கூடும். குழாயின் உட்சுவரில் பதிந்துள்ள இரு மின்முனைகள் அதனை உணர்கின்றன. வேகத்தைக் குழாயின் குறுக்குப்பரப்பால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிட்டும். மைக்கேல் பாரடே 1832ஆம் ஆண்டிலேயே லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து, புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு தேம்ஸ் ஆற்றில் இதனைச் சோதித்தார். அன்று தெளிவான விடை கிட்டவில்லை. ஆயினும் அவர் கண்ட விதியே இன்று நம் ஊர்க் குழாய்களுக்குள் பணியாற்றுகிறது.

கருவி சிறிது பிழைபட்டால் என்ன கெட்டுவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 200 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு நாளில் ஏறத்தாழ 27 லட்சம் லிட்டர் பாயும். அதில் 5 விழுக்காடு என்பது 1,35,000 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்குவது நம் நாட்டின் திட்ட அளவு. ஆக, அந்தச் சிறு பிழை ஆயிரம் பேரின் ஒரு நாள் தண்ணீர்.

இக்கணக்கின் பொருள் ஒரு சிற்றூர் நீரேற்று நிலையத்தில் எனக்குப் புலப்பட்டது. கடைக்கோடித் தெருக்களில் நீர் போதவில்லை என்று மக்கள் பல மாதங்களாக முறையிட்டு வந்தனர். பதிவேடோ, ஊருக்குரிய நீர் முழுமையாக வந்ததாகச் சொன்னது. மாணவர் குழாயின் வெளிப்புறத்தில் பொருத்தும் மீயொலி ஓட்டமானியைக் கொண்டு ஒப்பிட்டார். நிலையத்தின் கருவி 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டியது. அதன் மின்னணுப் பகுதியை மாற்றியபோது பதிய வேண்டிய திருத்தக் காரணியை யாரோ தவறாகப் பதிந்திருந்தனர். சில நிமிடங்களில் அதனைச் சரிசெய்தார்.

நிலையப் பொறுப்பாளர் அருகில் வந்து, “தம்பி, சரிசெய்ததை மட்டும் எழுதுங்கள். பழைய எண் எதற்கு?” என்றார். மாணவர் பணிவோடு, “அண்ணா, படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றனவே” என்று கூறி, வந்தபோது கண்ட அளவு, திருத்திய பின் உள்ள அளவு என இரண்டையும் எழுதிக் கையொப்பமிட்டார். வண்டியில் ஏறியபின், “ஐயா, இரண்டாவது எண் நாளைக்கு உதவும். முதல் எண்தான் நேற்று வரை நடந்ததைச் சொல்லும்” என்றார். அந்த முதல் எண் இல்லையேல், முறையிட்ட மக்கள் பொய்யர்களாகவே எஞ்சியிருப்பர்.

கழிவுநீரை ஏன் அளக்க வேண்டும்? எவ்வளவு வருகிறது என்று அறிந்தால்தான் எவ்வளவு காற்றைச் செலுத்தித் தூய்மையாக்குவது என முடிவு செய்ய இயலும். ரால்ஃப் பார்ஷல் என்னும் அமெரிக்கர் பாசனக் கால்வாய்களுக்காக வடிவமைத்த, இடை குறுகிய வாய்க்கால் அமைப்பு இன்று கழிவுநீர் நிலையங்களில் பயன்படுகிறது. மேலிருந்து மீயொலியைச் செலுத்தி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறிகின்றனர். மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகின்றனர். நுரை திரண்டாலும் சிலந்தி வலை பின்னினாலும் கணக்குத் தவறும். அவற்றை நீக்குவதும் இவர் பணியே.

அங்குள்ள ஆழ்குழிகளின் அருகே அவர் தம் மூக்கை நம்புவதில்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, மிகுந்த செறிவில் நுகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியது எனக் கருதுவோர் உயிரிழப்பர். வாயு அறிகருவி பாதுகாப்பு எனக் காட்டாத குழியில், யார் வற்புறுத்தினாலும் அவர் இறங்குவதில்லை. பிறருக்காக அளப்பவர் தம் உயிருக்கும் அளவையே துணைக்கொள்கிறார்.

அவரைக் கண்டபோது நம் ஏரிப்பாசனத்தின் நீர்க்கட்டியை நினைத்தேன். மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சியவர் அவர். பல ஊர்களில் அவர் நிலமற்றவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். தமக்கென வயல் இல்லாதவர் என்பதால் அவருடைய பங்கீட்டில் சார்பிராது என உழவர் நம்பினர். நீரைப் பங்கிடும் பொறுப்பை அவரிடம் தந்த சமூகம், நிலத்தில் பங்கு தரவில்லை என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

நீர்க்கட்டி மதகருகில் நிற்பதை ஊரார் கண்ணால் கண்டனர். இன்றைய அளவையோ மண்ணுக்கடியிலும் பதிவேட்டிலும் மறைந்திருக்கிறது. எனினும் அப்பதிவேடு மக்களுக்கு உரியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி அதன் படியைக் குடிமக்கள் எவரும் கேட்டுப் பெறலாம். உங்கள் தெருவில் நீர் குறையும்போது அதனைக் கேளுங்கள்; பெற்றதும் முதலில் பாருங்கள், அங்கே இரண்டு எண்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று.